ஸ்டெல்லா கொட்டாத தண்ணீர்

2022 ஒக்டோபர் 18, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.50. மழை. காற்று இல்லை. மேகம் லயத்துக் கூரைக்குச் சற்று மேலே வந்து நின்றது. இருபது அடி தள்ளி நின்ற கொய்யா மரம் தெரிந்தது. அதற்கு அடுத்த மரம் தெரியவில்லை. தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. நான் ஓய்வு பெற ஒரு வருடமும் நான்கு மாதமும் இருந்தது.

இவற்றை நினைவிலிருந்து எழுதவில்லை. குறிப்புப் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டே எழுதுகிறேன். முப்பத்தொரு வருட வேலையில் இப்படி நாற்பத்தாறு புத்தகங்கள் சேர்ந்தன. ஒன்று கறையான் அரித்துப் போனது, மிச்சம் நாற்பத்தைந்து. எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. படி ஏறினால் படியை எண்ணுவேன், பஸ்ஸில் ஏறினால் ஆளை எண்ணுவேன். மண்சரிவு வேலைக்கு இந்தப் பழக்கம் நல்லது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அன்று ஒரே பகலில் அது என்னை இரண்டு தடவை ஏமாற்றியது. இந்த வருடம் எங்கள் பதுளை மண்சரிவு எச்சரிக்கை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒன்பது பேருக்கும் அதைச் சொல்லிவைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இடம், அப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லைக்கு இறங்கும் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவு. பெயரை எழுதவில்லை. எழுதினால் இன்னும் மூன்று பேருக்கு என்மேல் கோபம் வரும். அங்கே வேலையாட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளாக இரண்டு லயங்கள், கீழே ஒரு பிள்ளைக் காம்பரா. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. லயங்களுக்கு மேலே செங்குத்தான தேயிலைச் சரிவு. சரிவின் உச்சியில் ஒரு வெடிப்பு. வெடிப்பின் இரண்டு பக்கமும் நாங்கள் முளை அடித்து, இரண்டு முளைக்கும் இடையிலுள்ள தூரத்தை மாதம் இரண்டு தடவை அளந்துவந்தோம். லயங்களில், பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பார்த்தால், எழுபத்துநான்கு பேர்: வேலையாட்கள் முப்பத்தேழு, பிள்ளைக் காம்பராவில் பதினொன்று, மற்றவர்கள் இருபத்தாறு.

அலுவலக வாகனத்துக்கு அந்த வார எரிபொருள் பங்கு முடிந்திருந்ததால் பஸ்ஸில் போனேன். முதலில் மேலே ஏறி வெடிப்பை அளந்தேன். பத்து நாளுக்கு முன் எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இருந்தது. மனம் லேசானது. இறங்கி வந்து லயத்து முற்றத்தில் இருந்த மழைமானியைப் பார்த்தேன். அறுபத்தொரு மில்லிமீற்றர்.

இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். எங்கள் கணக்கில் ஒரு நாள் காலை எட்டரைக்கு முடிந்து எட்டரைக்குத் தொடங்கும். எட்டரைக்கு மானியைப் படித்து, எழுதி, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அன்று காலை எட்டரைக்கு வந்த தொகை அறுபத்தெட்டு. அது 'நேற்று'. அதற்குப் பிறகு பெய்த அறுபத்தொன்று 'இன்று'. எழுபத்தைந்தைத் தாண்டினால்தான் முதல் எச்சரிக்கை. நேற்றும் தாண்டவில்லை, இன்றும் தாண்டவில்லை. முளையும் நகரவில்லை. படிவத்தில் மூன்று கட்டங்களையும் நிரப்பினேன். மானியைக் கவனிக்கும் ஆளின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த ஆள் ஸ்டெல்லா. முப்பத்துநான்கு வயது, கொழுந்து எடுப்பவள். 2014இல் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு, மற்ற லயங்களுக்கு மழைமானி வந்தபோது எல்லாரும் பின்வாங்க, தானாக முன்வந்து பொறுப்பெடுத்தவள். பதினொரு மணி நிறுவைக்குக் கூடையோடு இறங்கியவள், என்னைக் கண்டு முற்றத்துக்கு வந்தாள். படிவத்தை நீட்டினேன். வாசித்துப் பார்த்தாள். கையெழுத்துப் போடவில்லை.

"ஐயா, உள்ள ஒரு நிமிஷம் வாங்க."

லயத்தில் அவள் வீட்டுக் காம்பராவுக்குள் ஜன்னலோரமாக வரிசையாகச் சோடாப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காகிதத் துண்டு, அதில் திகதி. எல்லாவற்றிலும் தண்ணீர்.

"என்ன இது?"

"காலையில எட்டரைக்கு மானியில உள்ள தண்ணி. நான் கொட்டுறதில்லீங்க, இதுல ஊத்தி வச்சிருவேன். ஒரு வாரம் வச்சிருந்துட்டுத்தான் ஊத்துவேன்."

"கொட்டச் சொல்லித்தானே பழக்கியிருக்கோம்?"

"சொன்னீங்க. ஆனா நேத்துப் பெஞ்சதும் மண்ணுக்குள்ளதானே ஐயா இருக்கு? நீங்க கொட்டிட்டீங்கன்னு மண்ணு கொட்டுமா?"

கடைசிப் போத்தலைக் கையில் எடுத்தாள். "இதுல உள்ளது அம்புட்டும் விடியக்காலம் நாலு மணிக்குப் பொறகு பெஞ்சது. ராத்திரி பூரா வெறும் தூத்தல்தான். மானியில இப்ப இருக்கிறதையும் இதோட சேத்துப் பாருங்க."

சேர்த்தேன். நூற்றிருபத்தொன்பது. ஏழு மணி நேரத்துக்குள் நூற்றிருபத்தொன்பது. நடுவில் எட்டரை மணி என்று நாங்கள் ஒரு கோடு கிழித்திருந்ததால், அது இரண்டு சின்னத் தொகைகளாகப் பிரிந்து இரண்டு வரியில் உட்கார்ந்திருந்தது. நான் அவளுக்கு முன்னாலேயே படிவத்தைக் கிழித்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் கிழித்த ஒரே படிவம் அது.

நான் சேர்ந்த காலத்தில் அந்தக் கோட்டால் பெரிய கெடுதல் இல்லை. அப்போதெல்லாம் இவ்வளவு மழை பெய்ய ஒரு பகலும் ஒரு இரவும் வேண்டும். மழை நின்று பெய்யும், மண் குடிக்கும். என் புத்தகங்களை முதலிலிருந்து புரட்டினால் எனக்கே தெரிகிறது: பிந்திய புத்தகங்களில் மழையில்லாத பக்கங்கள் நீண்டுகொண்டே போகின்றன, பிறகு ஒரு காலை நேரத்துக்குள் மாதத்து மழை பாதி கொட்டிவிடுகிறது. காய்ந்து வெடித்த மண்ணில் அப்படிக் கொட்டினால் தண்ணீர் நேரே அடிக்கு இறங்கும். வானம் மாறிவிட்டது. நாங்கள் மட்டும் எட்டரை மணியை மாற்றவில்லை. இப்போது உங்கள் மானிகள் தாமாகவே அளந்து கையடக்கத் தொலைபேசிக்கு அனுப்புகின்றன. நல்லது. ஆனால் அவற்றுக்கும் யாரோ ஒருவர் ஓரிடத்தில் கோடு கிழித்துக் கொடுத்திருப்பார். எங்கே கிழித்திருக்கிறார் என்று முதல் நாளே கேளுங்கள்.

வெளியே வந்து பதுளைக்குத் தொலைபேசி எடுத்தேன். மூன்றாவது தடவை கிடைத்தது. என் மேலதிகாரி அமைதியான மனிதர்.

"நாள் கணக்கில் பார்த்தால் உங்கள் எண்ணிலேயே எச்சரிக்கை இல்லையே. முளை அசைந்ததா?"

"இல்லை, சேர்."

"போன வருடம் நடந்தது ஞாபகம் இருக்கிறதல்லவா? இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கள்."

போன வருடம் நடந்தது இதுதான். நான் சொல்லி இதே ஆட்களை எழுப்பிப் பாடசாலைக்கு அனுப்பினோம். மூன்று நாள் அங்கே கிடந்தார்கள். மலை வரவில்லை.

தொலைபேசியை வைத்தபோது பீலிப் பக்கமிருந்து ஒரு பெண் வாளியோடு வந்தாள். மலை ஊற்றுக்குக் குழாய் வைத்து லயத்துக்குத் தண்ணீர் விழச் செய்திருப்பார்களே, அதுதான் பீலி. வாளி காலி.

"பீலியில தண்ணி நின்னுபோச்சு, ஸ்டெல்லாக்கா. நல்லா ஊத்திக்கிட்டு இருந்துச்சு, சட்டுன்னு நின்னுருச்சு."

இவ்வளவு மழைக்குள் ஊற்று நிற்கிறதென்றால், உள்ளே தண்ணீர் தன் வழியை மாற்றிக்கொண்டுவிட்டது. அந்த வழியை அடைத்தது எது? மண் உள்ளே நகர்ந்திருக்கிறது. முளைக்கு அது இன்னும் எட்டவில்லை. மணி 11.04. "இன்னும் கொஞ்ச நேரம்" என்பதற்கு என்னிடம் இடமில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் வேலையை நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. பரிந்துரை செய்யத்தான் முடியும். பிள்ளைக் காம்பராவில் ஒரே ஒரு ஆயா. பதினொரு குழந்தைகளையும் நடக்கமுடியாதவர்களையும் எதிர்ச் சரிவிலுள்ள பாடசாலைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் தாய்மார் வரவேண்டும். பன்னிரண்டுக்குச் சோற்று நேரம் வந்தால் முப்பத்தேழு பேரும் லயத்துக்குள் இருப்பார்கள்.

நிறுவைக் கொட்டகைக்கு ஓடினேன். பிளாஸ்டிக் படங்கைப் போர்த்திக்கொண்டு எல்லாரும் வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயா, தொரை கொழும்புக்குப் போயிருக்காரு. நான் வேலைய நிப்பாட்ட ஏலாது. இப்ப போனா எல்லாருக்கும் அரைப்பேருதான் விழும்."

தோட்டத்தில் ஒரு நாள் கூலியைப் 'பேர்' என்பார்கள். முழுப்பேர் அன்று ஆயிரம் ரூபா, அரைப்பேர் ஐந்நூறு. தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கையில் அரைப்பேரை விடச் சொல்கிறேன்.

வரிசையில் முன்னால் நின்ற பெண் படங்கை விலக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போன வருஷமும் நீங்கதானே ஐயா வந்தீங்க? மூணு பேரு போச்சு. பள்ளிக்கூடத்துச் சீமெந்துல படுத்து இடுப்புப் போச்சு. திரும்பி வந்து பாத்தா என் கோழி ரெண்டும் போச்சு. போகாதது அந்த மலை ஒண்ணுதான்."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

"ஐயா கொடைய விரிச்சாலே மழை நின்னுருமே!" என்றாள் இன்னொருத்தி.

அவர்கள் சிரித்ததில் தவறில்லை. மீரியபெத்தையைப் பார்த்தவர்கள் 'வராது' என்று சொல்லமாட்டார்கள் என நினைத்திருந்தேன். அவர்களும் 'வராது' என்று சொல்லவில்லை, 'இன்றைக்கா?' என்றுதான் கேட்டார்கள். நியாயமான கேள்வி. முளை, மில்லிமீற்றர், ஊற்று என்று நான் விளக்கத் தொடங்கினேன். இரண்டு நிமிடம் போனது. ஒருவரும் கூடையை இறக்கவில்லை. அப்போது புரிந்தது, தடுத்து வைத்திருப்பது மலையைப் பற்றிய சந்தேகம் அல்ல, அந்த அரைப்பேர். போன வருடம் போன மூன்று நாள் பேருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

"இன்னைக்கு உங்களுக்குப் பேர் போகாது," என்றேன். "தோட்டம் அரைப்பேர் போட்டா மத்த அரைய நான் தாறேன். மலை வந்தாலும் தருவேன், வராட்டியும் தருவேன்."

சிரிப்பு நின்றது.

"ஒங்க கையிலேருந்தா?" என்றார் கணக்கப்பிள்ளை.

"என் சம்பளத்திலேருந்து."

ஸ்டெல்லா தன் கூடையைத் தலையிலிருந்து கழற்றித் தராசுக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள். "கேட்டாச்சுல்ல? பீலியில தண்ணி நின்னுபோச்சு. எனக்குப் புள்ள அங்க இருக்கு. நான் போறேன்."

அவளுக்குப் பின்னால் கோழிக்காரி. பிறகு எல்லாரும். ஒருத்தி ஓடிப்போய் மாதா கோயில் மணியை அடித்தாள். எங்கள் அலுவலகம் கொடுத்திருந்த சைரனின் பற்றரி செத்து எத்தனை மாதமோ, அதை நான் எண்ணவில்லை.

12.20க்குப் பாடசாலை மண்டபத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கதவடியில் நின்று எண்ணினேன். பாடசாலைப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் கணக்கப்பிள்ளையையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, மற்றவர்களைத் தலை தலையாக இரண்டு தடவை. எழுபத்துநான்கு. இரண்டு தடவையும் எழுபத்துநான்கு. புத்தகத்தில் எழுதி அடியில் கோடு போட்டேன். யாரோ தேநீர் தந்தார்கள், குடித்தேன். அன்று காலையிலிருந்து நான் நிம்மதியாக இருந்த பதினெட்டு நிமிடம் அது. அந்தப் பதினெட்டும் பிழை.

ஸ்டெல்லா எண்ணவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, லயத்தில் வீடு இருக்கும் வரிசைப்படியே ஒவ்வொரு வீட்டாரையும் தேடிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவில் நின்றாள்.

"ராசம்மாக்கா எங்க?"

"எல்லாரும் இருக்காங்க. எழுபத்துநாலு சரி," என்றேன்.

"ஐயா, அந்த மூலையில ஒக்காந்திருக்கிறாரே, அவர யாருன்னு எண்ணுனீங்க?"

திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் நனைந்த சாரத்தோடு, துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர். பண்டாரவளையிலிருந்து தவணைக்குத் துணி கொண்டுவரும் வியாபாரி. துணி நானா, அதாவது துணி அண்ணன், என்று லயத்தில் கூப்பிடுவார்கள். தீபாவளிச் சாமானைக் கொடுக்க அன்று காலை வந்தவர், மணி அடித்ததும் ஆட்களோடு ஆளாக ஏறி வந்துவிட்டார். வெளியாள் ஒருவர் கூட, உள்ளாள் ஒருவர் குறைய, கூட்டினால் சரியான தொகை.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "அப்ப என்னாலதான் கணக்குப் பிழைச்சிருக்கி, சேர்."

"ராசம்மா சினைமாட்ட விட்டுட்டு வரமாட்டா," என்றார் கணக்கப்பிள்ளை. "பட்டியிலதான் இருப்பா."

மாட்டுப்பட்டி லயத்துக்குப் பின்னால், சரிவுக்கு நேர் கீழே. மணி 12.38.

அடுத்து நான் செய்ததை நீங்கள் செய்யக்கூடாது. வெளியேற்றிய இடத்துக்குத் திரும்பி ஆளனுப்பவும் கூடாது, போகவும் கூடாது. இது எழுதப்பட்ட விதி, நானே நூறு தடவை படிப்பித்த விதி. எழுபத்துநான்கு என்று எழுதிக் கோடு போட்டவன் நான் என்பதால் நான் போனேன். "ஒருத்தரையும் வெளியே விடாதே" என்று ஸ்டெல்லாவைக் கதவில் நிறுத்தினேன். அவள் வாசலின் குறுக்கே ஒரு நீள மர வாங்கை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள். அதற்கு முன்பே துணி நானா எனக்கு இருபது அடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். மூட்டையும் தோளிலேயே இருந்தது.

ராசம்மாவுக்கு அறுபத்தொரு வயது; வேலையிலிருந்து நின்றவர். மாட்டின் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நனைந்த முடிச்சு இறுகிப்போயிருந்தது.

"மாட்ட விடுங்கம்மா, வாங்க!"

"நீங்க போங்க சாமி. இது வந்தாத்தான் நான் வருவேன்."

பேசிப் பயனில்லை என்று நான் கண்டுகொள்வதற்குள் நானா மூட்டையைக் கீழே போட்டு, அதற்குள்ளிருந்து துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தார். கயிறு தடிப்பம். நாலைந்து தடவை நெரித்தார். கயிறு அறுந்தபோது கத்தரிக்கோலின் ஒரு அலகும் முறிந்தது. மாட்டை ராசம்மா இழுக்க, நான் பின்னாலிருந்து தள்ளினேன். நானா மூட்டைக்குக் குனிந்தார். பட்டிக்கு மேலே இருந்த கல் அணையிலிருந்து ஒரு கல் தானாகக் கழன்று உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது. சின்னக் கல். அவர் மூட்டையைத் தொடாமல் நிமிர்ந்தார்.

போக ஒன்பது நிமிடம். வர பதின்மூன்று, மாடு ஏற மறுத்தது.

1.25க்கு மேகம் கொஞ்சம் விலகியது. மண்டபத்து ஜன்னலிலிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் சத்தம் வரவில்லை. சரிவின் உச்சியில் நின்ற சவுக்கு மரங்கள் எல்லாம் ஒன்றாக ஒரு பக்கம் சாய்ந்தன. பிறகு லொறியிலிருந்து கல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம், நிற்காமல். தேயிலைச் செடிகள் நட்ட வரிசை குலையாமல், நின்றபடியே இறங்கி வந்தன. மேல் லயம் முழுவதும் போனது. கீழ் லயத்தில் பாதி. பிள்ளைக் காம்பராவின் கூரை மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது. கோழிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் மேலதிகாரி அன்று பின்னேரமே வந்து சேற்றில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். எட்டரை மணிக் கோட்டைப் பற்றி நான் எழுதிய அறிக்கையில், என் கையெழுத்துக்கு மேலே தன் கையெழுத்தைப் போட்டு அனுப்பினார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

தோட்டம் அன்றைக்கு எல்லாருக்கும் அரைப்பேர் போட்டது. பதினொரு மணிக்கு வேலையை விட்டவர்களுக்கு அரைப்பேர் என்பது விதி. மலை விழுந்தால் என்ன செய்வது என்று அந்த விதியில் இல்லை. சம்பளம் வந்ததும் சனிக்கிழமை முப்பத்தேழு உறைகளோடு போனேன். அவர்கள் இன்னும் பாடசாலையில்தான் இருந்தார்கள்.

யாரும் வாங்கவில்லை. கோழிக்காரி உறையை என் சட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்தாள். "உசுரோட நிக்கிறோம். ஒங்ககிட்ட காசும் வாங்குறதா? நாங்க மனுசங்க இல்லையா?"

"வாங்கத்தான் வேணும்."

"ஏன் ஐயா அடம் புடிக்கிறீங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"இந்தத் தடவை மலை வந்திருச்சு, அதனால வேணாங்கிறீங்க. அடுத்த தடவை வராமலும் போகலாம். அப்ப என் இடத்துல ஒரு புது ஆள் வந்து நின்னு, பேர் போகாதுன்னு சொல்லுவான். நீங்க அவனை நம்பணுமே. இன்னைக்கு நான் குடுத்தாத்தான் நம்புவீங்க."

முதல் உறையை ஸ்டெல்லாவே வாங்கினாள். மற்றவர்களும் வாங்கினார்கள்.

"எனக்குத்தான் பேரே இல்ல," என்றார் ராசம்மா. "என் மாட்டுக்காவது அரைப்பேர் போடுங்க சாமி. அதுவும் அன்னைக்கு மேடு ஏறிச்சு."

பண்டாரவளைக்குப் போய்த் துணி நானாவையும் பார்த்தேன். முழுத் தீபாவளிச் சாமானும் அந்த மூட்டைக்குள் போயிருந்தது. காசைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீங்க செல்லியா நான் போன? நானாத்தான் போன. ஆள்களுக்குத்தான் நீங்க வாக்குக் குடுத்த, எனக்கில்ல." எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு கத்தரிக்கோல் மட்டும் வாங்கித்தரச் சம்மதித்தார்.

அடுத்த வருடம் அதே ஆட்களை மறுபடியும் எழுப்ப வேண்டி வந்தது. தற்காலிக வீடுகளுக்கு மேலேயும் ஒரு சரிவு இருந்தது. போனது நானல்ல, எனக்கு முழங்கால் சரியில்லை. வேலையில் உங்களுக்கு மூன்று வருடம் மூத்த ஒரு பெண் போனாள். மணி அடித்துப் பத்து நிமிடத்தில் எல்லாரும் வெளியே நின்றார்களாம். பேரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையாம். ஸ்டெல்லா போத்தல்களைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்தாளாம். எண்ணி முடித்துவிட்டு, வீட்டு வரிசைப்படி முகம் முகமாகவும் பார்த்ததாக அந்தப் பெண் என்னிடம் சொன்னாள். அன்றைக்கு மலை வரவில்லை. யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

நீங்களும் ஒரு நாள் அப்படி ஒரு கொட்டகையில் நிற்பீர்கள். எண் ஒன்று சொல்லும், பீலி இன்னொன்று சொல்லும், தொலைபேசியில் ஒருவர் பொறுக்கச் சொல்வார். பொறுக்காதீர்கள். உங்கள் கணிப்புப் பிழைத்தால் அதற்கான விலையை நீங்கள் கொடுங்கள். அவர்களைக் கொடுக்க வைக்காதீர்கள். அது தாங்கமுடியாத தொகை என்று பயப்படுகிறவர்களுக்காக என் கணக்கையும் எழுதிவிடுகிறேன். முப்பத்தேழு அரைப்பேர், பதினெட்டாயிரத்து ஐந்நூறு. உறைகள் நூற்றெண்பத்தைந்து. பஸ்ஸும் முச்சக்கர வண்டியும் அறுநூற்று நாற்பது. கத்தரிக்கோல், நல்லதாகப் பார்த்து, ஆயிரத்து நானூற்றைம்பது. மொத்தம் இருபதாயிரத்து எழுநூற்று எழுபத்தைந்து ரூபா.